வீண்செலவு என்று சொல்லுகிறது யார்?



நம்முடைய ஆத்தங்குடிக்கு வெளியூர் ஜனங்கள் நிறைய வருகிறார்கள். காரைக்குடி வரைக்கும் ரயிலில் வந்து, அங்கேயிருந்து கார் பிடித்து வந்து, இரண்டு காரியங்களைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஒன்று, டைல்ஸ் போடுகிற கொட்டகை. இன்னொன்று, பெரிய வீடு என்று நாம் சொல்லுகிற லெட்சுமி விலாஸ். கொட்டகையில் நின்று போட்டோ எடுக்கிறவர்கள் "என்ன அழகு" என்கிறார்கள். பெரிய வீட்டுக்குள் போய் விட்டத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களில் ஒருவராவது, "இம்புட்டுப் பணத்தையும் கொண்டாந்து இதுல கொட்டியிருக்காங்களே, என்ன பிரயோஜனம்?" என்று கேட்காமல் போகிறதில்லை. உள்ளே போகக் காசு கொடுத்துவிட்டுத்தான் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள் என்பது வேறே விஷயம்!

வீண்செலவு என்கிற வார்த்தை நம்முடைய வாயில் எவ்வளவு லேசாக வருகிறது என்பதைக் கொஞ்ச காலமாகக் கவனித்து வருகிறேன். எதிர்வீட்டில் ஏ.சி. மாட்டினால் வீண்செலவு. கூலிக்குப் போகிறவர் தன் மகனுக்குப் பெரிய போன் வாங்கிக் கொடுத்தால் வீண்செலவு. தனியாக இருக்கிற வயசான தாயார் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸும் கூண்டும் வாங்கினால், "இந்த வயசுல இது என்னத்துக்கு?" ஆனால் நாம் வாங்கினதை மட்டும் நாம் அப்படிச் சொல்லிக் கேட்டதே கிடையாது. நாம் வாங்குகிறது எல்லாம் தேவைக்கு வாங்குகிறது. மற்றவர்கள் வாங்குகிறதுதான் வீண். இது எப்படி? யோசித்துப் பாருங்கள். ஒரு பொருளை வீண் என்று யார் சொல்லலாம், எப்போது சொல்லலாம் என்பதை இந்த மாதம் கொஞ்சம் விவரமாக எழுத ஏவப்பட்டேன். காரணம் பின்னால் வரும்.

முதலில் பெரிய வீடுகளையே எடுத்துக்கொள்ளுவோம். சுமார் 1850 தொடங்கி 1940 வரைக்கும் இந்த எழுபத்துச் சொச்சம் ஊர்களிலும் நகரத்தார் கட்டின வீடுகள் கொஞ்சநஞ்சமல்ல. பர்மாவிலிருந்து தேக்கு, இத்தாலியிலிருந்து பளிங்கு, பெல்ஜியத்திலிருந்து கண்ணாடி, ஜப்பானிலிருந்து சுவர் டைல்ஸ். சுவருக்குச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு. இன்றைக்கும் தடவினால் கை வழுக்குகிறது. ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல். கலியாணமான மகன் ஒவ்வொருவனும் ஒரு புள்ளி. புள்ளிக்கு ஓர் அறை. கலியாணம், சாவு எல்லாம் வீட்டுக்குள்ளேயே நடக்கும் என்பதால் அவ்வளவு இடம் வேண்டியிருந்தது என்று ஒரு நியாயம் சொல்லலாம், அதில் உண்மையும் உண்டு. ஆனால் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த சாமான்களுக்கு என்ன நியாயம் சொல்லுகிறது? பித்தளை, வெண்கலம், எனாமல், பீங்கான் என்று அறை கொள்ளாமல் வாங்கி, கலியாணத்தன்று ஊர் பார்க்கப் பரப்பி வைத்து, அதற்குப் பிறகு பூட்டிவிடுவார்கள். ஒருநாள்கூட அடுப்பில் ஏறாத பானைகள் அதில் எத்தனையோ. அந்தச் சாமான்களில் நிறைய இப்போது காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் தொங்குகிறது. அதை வாங்குகிறவரும் சமைக்கிறதற்கு வாங்குகிறதில்லை.

சரி, இது வீண்தானே என்று தீர்ப்பு எழுதலாமா? அவசரப்படாதிருங்கள். அதே ஜனங்கள் அதே காலத்தில் புத்திசாலித்தனமாகப் போட்ட பணம் என்ன ஆயிற்று என்பதையும் பார்க்கவேண்டும். பர்மாவில் நெல் விளைகிற தாழ்நிலத்தில் கடன் கொடுத்து வாங்கினார்கள். 1930-ல் உலகம் முழுதும் விலைகள் விழுந்தபோது கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் உழவர்கள் நிலத்தை இழந்தார்கள். தாழ்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938-ல் அது 25 பங்கு. கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் இதைவிட உறுதியான சொத்து உண்டா? வட்டி வரும், நெல் வரும், நிலம் ஓடிப்போகாது. ஆனால் 1942-ல் ஜப்பான்காரன் வந்தான். 1948-ல் பர்மா சுதந்திரம் அடைந்து, நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ளுகிற சட்டம் வந்தது. 1962-ல் ராணுவ ஆட்சி வந்தபிறகு மிச்சம் இருந்ததும் போயிற்று. லாபம் என்று போட்ட பணம் போனது போனதுதான். தரைக்கும் தூணுக்கும் வீணாகப் போட்ட பணம் இன்னும் நிற்கிறது. 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில்கூட செட்டிநாட்டு ஊர்களின் பேர் ஏறிவிட்டது.

அப்படியானால் வீடு கட்டினது ஞானம், நிலம் வாங்கினது வீண் என்று சொல்லலாமா? அதுவும் சரியில்லை. பின்னால் என்ன நடந்தது என்பதை வைத்து முன்னால் செய்த செலவை நியாயந்தீர்க்கிறது லாட்டரிச் சீட்டு விழுந்தவனை ஞானி என்று சொல்லுகிறது மாதிரி. இன்னொன்றும் உண்டு. பணம் எங்கே போயிற்று என்றுதான் எல்லாரும் கேட்கிறோம். எங்கேயிருந்து வந்தது என்று கேட்கிறவர்கள் குறைவு. நிலத்தை இழந்த பர்மா உழவனுடைய வீட்டில் அந்த வருஷம் என்ன உண்டார்கள் என்பது பளிங்குத் தரையில் எழுதப்படவில்லை. ஒரு செலவைப் பார்க்கும்போது எனக்கு முதலில் இந்தக் கேள்விதான் வருகிறது: இது யாருடைய பங்கு?

"அந்த வீடுகளால் எத்தனை கொத்தனார், எத்தனை தச்சர் பிழைத்தார்கள்!" என்று சொல்லுகிறவர்களும் உண்டு. இது பழைய வாதம். லண்டனில் குடியிருந்த மாண்டெவில் என்கிற டச்சுக்கார வைத்தியர் 1714-ல் இதற்கென்றே ஒரு புத்தகம் போட்டார்: பணக்காரனுடைய ஆடம்பரமும் பெருமையும் இல்லாவிட்டால் ஏழைக்குக் கூலி ஏது என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம்முடைய ஊரின் டைல்ஸ் தொழிலே அந்தப் பெரிய வீடுகளால் வளர்ந்ததுதான். இன்றைக்கு அதனால் அடுப்பெரிகிற குடும்பங்கள் நம் சபையிலும் உண்டு. ஆனால் கொத்தனாருக்குக் கூலி கொடுக்க அரண்மனைதான் கட்டவேண்டும் என்பது இல்லையே. கோட்டையூரில் பிறந்த அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததினால்தான் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வந்தது. 1948 ஜூலை 25-ந் தேதி நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரி 14-ந் தேதி திறந்தார்கள். அதைக் கட்டினவர்களும் கூலி வாங்கினார்கள். வட்டிக்கணக்குப் பார்க்கிறவருக்கு அந்த 15 லட்சமும் திரும்பி வராத பணம்தான்.

இதுவரைக்கும் பணக்காரர்களுடைய செலவு. இதைப் பேசுகிறது சுலபம், யாருக்கும் வலிக்காது. இனிமேல் சொல்லப்போகிறதுதான் எனக்கு முக்கியம்.

பெரிய வீடுகளில் சாமான் அறைகள் நிரம்பிக்கொண்டிருந்த அதே நாட்களில், அதே ஜில்லாவில் (அப்போது நம் பக்கமும் ராமநாதபுரம் ஜில்லாதான்), வேறொரு காரியம் நடந்தது. 1930 டிசம்பரில் ஆதிக்கத்தில் இருந்தவர்கள் ஆதிதிராவிட ஜனங்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931-ம் வருஷத்து ஜனக்கணக்கெடுப்புக்கு அதிகாரியாயிருந்த ஹட்டன் என்கிற வெள்ளைக்காரர் பிற்பாடு எழுதின புத்தகத்தில் இது பதிவாகியிருக்கிறது. பொன், வெள்ளி நகை போடக்கூடாது. ஆம்பிளைகள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது, சட்டை பனியன் போடக்கூடாது. கிராப்பு வெட்டக்கூடாது. பெண்கள் மேலே ரவிக்கை, தாவணி போடக்கூடாது, பூ வைக்கக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறே பாத்திரம் புழங்கக்கூடாது. மீறினவர்களுடைய குடிசைகளும் தானியமும் நாசமாக்கப்பட்டது. அதோடும் நிற்காமல் 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயிற்று.

இந்தப் பட்டியலை மெதுவாக இன்னொருதரம் வாசியுங்கள். குடை, செருப்பு, பனியன், பித்தளைச் சொம்பு. இதெல்லாம் கடையில் காசு கொடுத்து வாங்குகிற பொருட்கள். "உனக்கு எதற்கு இது?" என்பதுதான் எட்டுத் தடைகளுக்கும் அடியில் இருக்கிற ஒரே வார்த்தை. ஒரு வீட்டில் அடுப்பேறாத வெண்கலப் பானை அறை நிறைய. இன்னொரு வீட்டில் ஒரே ஒரு வெண்கலப் பானை இருந்தால் குற்றம். நாம் ஒரு ஏழையின் வீட்டில் புதுசாக ஒரு பொருளைப் பார்த்து "இவங்களுக்கு எதுக்கு இது?" என்று கேட்கும்போது, யாருடைய குரலில் பேசுகிறோம் என்று தெரிந்துகொண்டு பேசவேண்டும்.

நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ரிட்டையர் ஆனவன். பொருளாதாரப் பாடத்தில் ஆடம் ஸ்மித் என்று ஒரு பேர் வரும். அவர் 1776-ல் எழுதின புத்தகத்தில் லினன் சட்டையைப்பற்றி ஒரு இடம் உண்டு. கிரேக்கரும் ரோமரும் அந்தத் துணியே இல்லாமல் சௌக்கியமாய்த்தான் வாழ்ந்தார்கள். ஆகவே அது உயிர் வாழத் தேவையில்லை. ஆனாலும் இந்தக் காலத்தில் ஒரு கூலிக்காரன் அது இல்லாமல் நாலு பேர் முன்னால் வர வெட்கப்படுவான், ஆகையால் அதுவும் அத்தியாவசியம்தான் என்கிறார். தேவை என்பது வயிற்றோடு முடிகிறதில்லை, நாலு பேர் நடுவில் தலை நிமிர்ந்து நிற்கிறதும் தேவை என்று பொருளாதாரத்தைத் தொடங்கிவைத்தவரே சொல்லிவிட்டார். நம்மில் சிலருக்குத்தான் இன்னும் விளங்கவில்லை.

2019-ல் நோபல் பரிசு வாங்கின அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2011-ல் ஒரு புத்தகம் எழுதினார்கள். மொராக்கோ தேசத்தில் ஒரு குக்கிராமத்தில் ஒரு மனுஷனைச் சந்திக்கிறார்கள். கூடப் பணம் கிடைத்தால் என்ன செய்வாய் என்றால், சாப்பாடு வாங்குவேன் என்கிறான். சரி, பசியில் இருக்கிற குடும்பம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனால் அங்கே டி.வி., டிஷ் ஆன்டெனா, டி.வி.டி. பிளேயர். இது ஏன் என்று கேட்டதற்கு, சாப்பாட்டைவிட இது முக்கியம் என்கிற அர்த்தத்தில் சிரித்துக்கொண்டே பதில் சொன்னானாம். அந்த ஊரில் வருஷத்தில் பல நாட்கள் வேலை கிடையாது, போகிறதற்கு இடமும் கிடையாது. நம்முடைய மாநிலத்தில் 2006-ல் அரசாங்கம் இலவச கலர் டி.வி. கொடுத்தபோது எத்தனை பேர் பரிகாசம் பண்ணினார்கள் என்று ஞாபகம் இருக்கும். பரிகாசம் பண்ணினவர்கள் வீட்டில் டி.வி. ஏற்கெனவே இருந்தது. (டி.வி. ஆத்துமாவுக்கு நல்லதா கெட்டதா என்பது வேறே பிரசங்கம். அதை இங்கே எடுக்கவில்லை.)

இப்போது காரணத்துக்கு வருகிறேன். நம் சபையின் உதவி நிதிக்கு ஒரு சகோதரி மனுப் போட்டிருக்கிறார்கள். டைல்ஸ் கொட்டகையில் மணல் சலிக்கிற, கல் சுமக்கிற வேலை. மகள் நர்சிங் படிக்கிறது, இந்த வருஷத்துப் பீஸில் பாதிக்கு உதவி கேட்கிறார்கள். கமிட்டியில் ஒரு மூத்த சகோதரர், "வீடு பூரா டைல்ஸ் போட்டு உக்காந்திருக்கவங்களுக்கு நாம எதுக்குக் குடுக்கணும்? அந்தக் காசைப் பீஸுக்கு வச்சிருக்கலாமே" என்றார். இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். காரியம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. சகோதரியின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், பேர் எழுதவில்லை. எழுதாமலே உங்களுக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும்.

வீடு பூராவும் அல்ல, பத்துக்குப் பத்தில் ஒரே ஒரு அறை. பத்து இஞ்சுக் கல் 144 பிடித்திருக்கிறது. மேலே இன்னும் சிமெண்ட் ஷீட்டுதான். நாலு வருஷமாக, ஓரம் உதிர்ந்தது, கலர் கலங்கினது என்று கழித்துப்போட்ட கல்லைக் குறைந்த விலைக்கு ஐந்தும் பத்துமாகச் சேர்த்து வாங்கியிருக்கிறார்கள். ஒன்றுக்கொன்று பூ சேராது. சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை, பச்சைக்குப் பக்கத்தில் பாதிப் பூ. போய்ப் பார்த்தேன். சொன்னால் நம்புங்கள், பெரிய வீட்டுத் தரையைவிட எனக்கு அது பிடித்திருந்தது.

அந்தக் கல் எப்படி வருகிறது என்பது நமக்குப் பழகிப்போன காட்சி. கண்ணாடிப் பலகையின்மேல் அச்சை வைத்து, அச்சில் உள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் அதனதன் கலர்ச் சாந்தை ஊற்றி, நடுங்காமல் அச்சைத் தூக்கி, அதன்மேல் சிமெண்டும் மணலும் கலந்த காய்ந்த கலவையைத் தூவி, பிறகு ஈரக் கலவையை அடைத்து மட்டம் பண்ணுவார்கள். காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் பல நாள் கிடக்கும். சூளை கிடையாது, பாலிஷ் மெஷின் கிடையாது. கண்ணாடியைவிட்டுக் கல் பிரிகிறபோது கண்ணாடியின் வழவழப்பு அதில் ஏறியிருக்கும். வீட்டில் பதித்தபிறகு தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பதும் உண்டு. நடக்க நடக்கத்தான் பளபளப்புக் கூடும்.

ஏன் இதை வாங்கினீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்களே சொன்னார்கள். "அண்ணே, இருவது வருஷமா இந்தக் கல்லுக்கு மணல் சலிக்கிறேன். பெங்களூருக்குப் போவுது, கேரளாவுக்குப் போவுது. ஒரு நாளாச்சும் என் வீட்ல இதும்மேல காலை வச்சு நடக்கணும்னு இருந்துச்சு. அம்புட்டுத்தான்." தரை ஊறி ஈரம் வந்தது, பிள்ளை கீழே உட்கார்ந்து படிக்கிறது, பூரான் வருகிறது என்றெல்லாம் அவர்கள் சொல்லியிருக்கலாம். அதெல்லாம் உண்மையும்கூட. கமிட்டியில் அதைச் சொல்லி வாதாடினால் ஒருவேளை சகோதரர்கள் இளகுவார்கள். ஆனால் அவர்கள் அந்தக் காரணங்களைச் சொல்லவில்லை. நானும் அவர்கள் சார்பில் சொல்லப்போகிறதில்லை. பிரயோஜனம் காட்டினால்தான் ஏழைக்கு அனுமதி என்று ஏன் இருக்கவேண்டும்? பெரிய வீட்டின் பளிங்குக்கு யாரும் பிரயோஜனம் கேட்டார்களா? ஊரிலிருந்து வந்து அதே கல்லை லாரி நிறைய ஏற்றிக்கொண்டு போகிறவரைப் பார்த்து, "நல்ல ரசனை உள்ளவர்" என்றுதானே சொல்லுகிறோம்?

பெத்தானியாவில் ஒரு ஸ்திரீ பரிமள தைலத்தை உடைத்து ஊற்றின சம்பவம் உங்களுக்குப் புதிதல்ல. வீண்செலவு என்கிற வார்த்தையே நம்முடைய வேதாகமத்தில் அங்கேதான் வருகிறது. அதன் விலை முந்நூறு பணத்துக்கு மேல் என்று முறுமுறுத்தவர்களே கணக்குச் சொன்னார்கள். திராட்சத்தோட்டத்துக் கூலிக்காரருக்கு ஒரு நாளைக்கு ஒரு பணம். அப்படியானால் ஏறக்குறைய ஒரு வருஷத்துக் கூலி. கணக்கு சரிதான், தரித்திரருக்குக் கொடுத்திருக்கலாம் என்கிற யோசனையும் கேட்கிறதற்கு நல்ல யோசனைதான். ஆனால் முறுமுறுத்தது யார் என்பதில் சுவிசேஷங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொருவிதமாய்ச் சொல்லுகிறதைக் கவனித்திருக்கிறீர்களா? மத்தேயுவில் சீஷர்கள். மாற்குவில் சிலர். யோவானில் பணப்பையை வைத்திருந்த ஒருவன். எல்லாரும் அவனைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறோம், அவன் கெட்டவன் என்பதால் நமக்குச் சௌகரியம். மத்தேயு சொல்லுகிறபடி பார்த்தால் நல்ல சீஷர்களே அப்படித்தான் பேசினார்கள். மூன்று இடத்திலும் தரித்திரருடைய பேரை எடுத்தார்கள்; அங்கே ஒரு தரித்திரனையும் கூப்பிட்டுக் கேட்டதாக இல்லை. அந்த ஸ்திரீயினிடத்தில் ஏன் என்று கேட்டதாகவும் இல்லை. அவளைக் கேட்காமலே அவளுடைய பொருளுக்கு விலை போட்டார்கள்.

"அப்படியானால் வீண்செலவு என்று ஒன்றே இல்லையா, பிரதர்?" என்று கேட்பீர்கள். ஏன் இல்லை? இருக்கிறது. கூலி வாங்கினவன் வீட்டுக்கு வருகிற வழியில் சாராயக்கடையில் அதைக் கொடுத்துவிட்டு வந்தால், அது வீண் என்பதைவிடப் பெரிய தப்பு. அது அவனுடைய பணமே அல்ல, அவன் பிள்ளைகளுடைய சோறு. இங்கே மனைவியும் பேசலாம், சபையும் பேசலாம், பேசவும் வேண்டும். வட்டிக்கு வாங்கி மண்டபம் பிடித்து ஆயிரம் பேருக்குப் பந்தி போடுகிற கலியாணமும் எனக்கு அப்படித்தான் படுகிறது. அந்தக் கடனை அடைக்கப்போகிறது அடுத்த பத்து வருஷத்துக்கு அந்தப் பெண்ணும் மாப்பிள்ளையும், சாப்பிட்டுப் போனவர்கள் அல்ல. வாசலுக்கு வாசல் தன் படம் போட்ட பிளெக்ஸ் போர்டு என் கண்ணுக்கு முழு வீண். மற்றவர் கண்ணுக்கென்று மட்டும் வாங்கின பொருள், மற்றவர் கண்ணை எடுத்தவுடன் செத்துப்போகிறது. நாலு வருஷம் பொறுக்கிச் சேர்த்த 144 கல் அப்படிப்பட்டதா? அந்த வீட்டுக்கு விருந்தாளி வருகிறதே அபூர்வம். அந்த நாலு வருஷமும் பிள்ளையின் படிப்பு நிற்கவில்லை. கல்லுக்குப் போன காசு முழுவதையும் சேர்த்தாலும் இந்தப் பீஸில் ஒரு மூலைக்குக் காணாது. மூத்த சகோதரர் கேட்டது நியாயமான கேள்விதான், அதனால்தான் கூட்டிப் பார்த்தேன்.

நகைகளைப்பற்றியும் ஒரு வார்த்தை. நம்மில் பலர் ஞானஸ்நானம் எடுக்கும்போது நகையைக் கழற்றினவர்கள். மனதாரக் கழற்றினோம், அதில் எனக்குச் சந்தோஷம் உண்டு. ஆனால் கழற்றிவிட்டதினாலே வீண்செலவு என்கிற பாடத்தைப் படித்து முடித்துவிட்டோம் என்று நினைக்கிறோமே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். கழுத்து காலியாயிருக்கிறது, வீட்டு வாசலில் நிற்கிற கார், போன வருஷத்துக் காரைவிட நீளமாயிருக்கிறது. பட்டுச்சேலையில் ஜரிகை இல்லை, ஆனால் விலையில் குறைவில்லை. சபைக்கு ஏற்கெனவே ஒரு கீபோர்டு நன்றாய் வாசித்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்று வாங்கினோம்; அதற்குக் கமிட்டியில் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இந்த மனுவுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று, அதுவும் முடியவில்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும். பாட்டி காலத்தில் பொன் போட்டால் அடித்து நொறுக்கப்பட்ட குடும்பங்களிலிருந்தும் நம் சபைக்குள் ஜனங்கள் வந்திருக்கிறார்கள். வைத்திருந்ததைத் தானாய்க் கழற்றுகிறது வேறே, போடவே விடாமல் தடுக்கப்பட்டது வேறே. இந்த இரண்டையும் ஒன்றாக்கி, "எளிமையாய் இருங்கள்" என்று ஒரே குரலில் எல்லாருக்கும் பிரசங்கம் பண்ணினால், கேட்கிறவர்களில் சிலருக்கு அது பழைய கட்டளை மாதிரியே கேட்கும்.

நம்முடைய உதவி மனுப் பாரத்தில் 9-வது கேள்வி, வீட்டில் உள்ள பொருட்களை எழுதச் சொல்லுகிறது. டி.வி., பிரிட்ஜ், வாஷிங் மெஷின், தரை என்ன தரை என்பது வரைக்கும் கேட்கிறோம். யார் இதைச் சேர்த்தது என்று பழைய பாரங்களை எடுத்துப் பார்த்தேன். வேறொரு நிறுவனத்தின் பாரத்தைப் பார்த்து அப்படியே அடித்திருக்கிறார்கள் போலிருக்கிறது. வருமானத்தைக் கேட்கலாம், கடனைக் கேட்கலாம், காலேஜிலிருந்து பீஸ் சீட்டு வாங்கி வரச் சொல்லலாம். 9-வது கேள்வியை அடித்துவிடும்படி வருகிற கூட்டத்தில் எழுத்துமூலமாய்க் கேட்கப்போகிறேன். சகோதர சகோதரிகளில் இதற்குச் சம்மதமுள்ளவர்கள் கூட்டத்துக்கு முன்னே கமிட்டிக்காரர்களிடத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள், சம்மதமில்லாதவர்களும் வந்து சொல்லுங்கள். இரண்டாம் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூடுகிறோம். காலேஜில் பீஸ் கட்டக் கடைசி நாள் அதற்கடுத்த வெள்ளிக்கிழமை.